மனநல நர்ஸ் ஆக தனிப் படிப்பு எதுக்கு? பதில் சொன்ன ஹில்டகார்ட் பெப்லாவ் யார்?

நர்ஸிங் முடித்தாச்சு. கவுன்சிலில் பதிவும் செய்தாச்சு. ஊசி போடத் தெரியும், மருந்து கொடுக்கத் தெரியும், அவசர நேரத்தில் என்ன செய்யணும் என்றும் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் மனநலப் பிரிவில் வேலை பார்க்க மறுபடியும் ஒரு வருடம், இரண்டு வருடம் ஏன் படிக்க வேண்டும்? அங்கே டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுத்து, நோயாளியைப் பார்த்துக்கொண்டால் போதாதா?

போதாது என்று சொன்னதோடு நிற்காமல், அதற்கான படிப்பையே உருவாக்கிக் காட்டியவர் அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ். உலகம் முழுக்க நர்ஸிங் மாணவர்கள் இவர் பெயரைப் பாடத்தில் படிக்கிறார்கள். மனநலச் செவிலியத்தின் தாய் என்று அழைக்கப்படுபவரும் இவர்தான். ஆனால், பரீட்சைக்காக அவருடைய கோட்பாட்டை மனப்பாடம் செய்பவர்களில் பலருக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை தெரியாது. அந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் கோட்பாடும் சுலபமாகப் புரியும்.

ஒன்பது வயதில் பார்த்த காட்சி

1909 செப்டம்பர் 1. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ரெடிங் என்ற ஊரில் பிறந்தார் ஹில்டகார்ட். ஜெர்மன், போலந்து வம்சாவளியில் வந்த குடியேறிகளின் குடும்பம். மொத்தம் ஆறு பிள்ளைகள், இவர் இரண்டாவது. அப்பாவுக்கு ரயில்வேயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப்போடும் வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவர். அம்மா எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில் ரொம்பக் கறார். வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மனம்விட்டுப் பேசும் பழக்கம் இல்லாத வீடு.

1918-ல் உலகையே உலுக்கிய இன்ஃப்ளுயன்சா பெருந்தொற்று வந்தது. பென்சில்வேனியா மிக மோசமாக அடிவாங்கிய மாநிலங்களில் ஒன்று. காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றிய சிலர் ஜன்னல் வழியாகக் குதித்ததை ஒன்பது வயது ஹில்டகார்ட் பார்த்தார். நோய் உடம்போடு நிற்பதில்லை, மனதையும் குடும்பத்தையும் சேர்த்தே பிடித்து ஆட்டுகிறது என்பதை அவர் கற்றது எந்த வகுப்பறையிலும் இல்லை. அந்தக் காட்சி கடைசிவரை அவர் நினைவில் இருந்தது.

அந்தக் காலத்தில் உழைக்கும் வர்க்கக் குடும்பத்துப் பெண் வீட்டை விட்டு வெளியே வர இருந்த வழிகள் கொஞ்சம்தான். கல்யாணம், டீச்சர் வேலை, நர்ஸ் வேலை. பணம் அதிகம் செலவாகாமல், தங்க இடமும் சாப்பாடும் கிடைத்து, கையில் ஒரு தொழிலும் வரும் என்பதால் பலர் நர்ஸிங் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹில்டகார்டும் அப்படித்தான் பாட்ஸ்டவுன் மருத்துவமனையின் நர்ஸிங் பள்ளிக்குப் போனார். 1931-ல் படிப்பை முடித்து, அங்கேயே அறுவை சிகிச்சை அரங்கின் மேற்பார்வையாளராக வேலையும் பார்த்தார்.

அப்போது மனநல நர்ஸ் என்றால் என்ன?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவில் மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்ள நர்ஸ்களுக்குப் பயிற்சி தரும் முதல் பள்ளி, பாஸ்டன் அருகே உள்ள மெக்லீன் மருத்துவமனையில் 1882-ல் தொடங்கியது. அமெரிக்காவில் பயிற்சி பெற்ற முதல் நர்ஸ் என்று சொல்லப்படும் லிண்டா ரிச்சர்ட்ஸும் தன் பிற்காலத்தில் பல மனநோய் மருத்துவமனைகளில் நர்ஸிங் பள்ளிகளை அமைத்துக் கொடுத்தார். உடல் நோயாளிக்குக் கிடைக்கும் அதே தரமான பராமரிப்பு மனநோயாளிக்கும் கிடைக்கணும் என்பது அவர் கொள்கை. 1920-ல் ஹாரியட் பெய்லி மனநோய்ச் செவிலியத்துக்கென்று ஒரு பாடநூலும் எழுதினார்.

ஆனாலும் நடைமுறை வேறு. அரசு மனநல மருத்துவமனைகளில் ஒவ்வொரு வார்டிலும் கூட்டம் நிரம்பி வழிந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலான வேலையை அட்டெண்டர்கள்தான் செய்தார்கள். நர்ஸின் வேலை என்ன? சாவிக்கொத்தை வைத்துக்கொள்வது, குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, யாரும் ஓடிப்போகாமலும் அடித்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்வது, கட்டிப்போடச் சொன்னால் கட்டிப்போடுவது. ஈரத்துணியில் சுற்றிவைப்பது, இன்சுலின் கொடுத்து மயக்கத்துக்குக் கொண்டுபோவது போன்ற அன்றைய சிகிச்சைகளில் டாக்டருக்கு உதவுவது.

இந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை: நோயாளியோடு உட்கார்ந்து அவர் பிரச்சினையைப் பேசுவது. அது டாக்டரின் வேலை. நர்ஸ் அதில் தலையிட்டால் நிலைமை மோசமாகும் என்று நினைத்தார்கள். ஒரு டாக்டருக்கு நூற்றுக்கணக்கான நோயாளிகள் இருந்த இடத்தில் இதன் அர்த்தம் என்ன? நோயாளியிடம் யாருமே பேசப்போவதில்லை என்பதுதான். அவர் பக்கத்தில் நாள் முழுக்க இருப்பவரோ நர்ஸ்.

பென்னிங்டனில் கிடைத்த வாசல்

ஒரு கோடைக்கால முகாமில் நர்ஸாகப் பார்த்த வேலை பெப்லாவின் வாழ்க்கையைத் திருப்பியது. அங்கே கிடைத்த பரிந்துரையால் வெர்மான்ட் மாநிலத்தில் இருந்த பென்னிங்டன் கல்லூரியின் சுகாதாரப் பிரிவுக்கு நர்ஸாகப் போனார். பெண்களுக்கான அந்தக் கல்லூரி அப்போது புதுசு, பாடமுறையும் புதுசு. வேலைக்குப் போன நர்ஸ் அங்கேயே மாணவியாகவும் சேர்ந்தார். 1943-ல் மனித உறவுகள் சார்ந்த உளவியலில் இளநிலைப் பட்டம் வாங்கினார்.

அங்கே பாடம் எடுத்தவர்களில் ஒருவர் பிரபல உளப்பகுப்பாய்வாளர் எரிக் ஃபிரோம். களப் பயிற்சிக்கு மேரிலாந்தில் இருந்த செஸ்ட்நட் லாட்ஜ் என்ற தனியார் மனநல மருத்துவமனைக்குப் போனபோது ஃப்ரீடா ஃபிரோம்-ரெய்க்மன், ஹாரி ஸ்டாக் சல்லிவன் ஆகியோரிடம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு கிடைத்தது. கடுமையான மனச்சிதைவு உள்ளவரோடும் பேசிப் பேசியே சிகிச்சை செய்ய முடியும் என்று நம்பி முயன்ற இடம் அது.

சல்லிவனின் அடிப்படைக் கருத்து எளிமையானது. மனநோயை ஒரு தனி ஆளின் மண்டைக்குள் மட்டும் தேடக் கூடாது, அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நடப்பதில் தேட வேண்டும் என்பது அது. பெப்லாவ் இதைக் கேட்டதும் அடுத்த கேள்வி அவருக்குள் எழுந்தது. பிரச்சினை உறவில் இருக்கிறது என்றால், தீர்வும் உறவு வழியாகத்தானே வர வேண்டும்? நோயாளியோடு அதிக நேரம் இருக்கும் நர்ஸின் உறவை ஏன் யாருமே கணக்கில் எடுக்கவில்லை?

போர்க்களம் தந்த பாடம்

1943-ல் ராணுவ நர்ஸிங் படையில் சேர்ந்தார். லெப்டினன்ட் அந்தஸ்து. இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க ராணுவத்தின் 312-வது மருத்துவமனையில் பணி. ராணுவ மனநல மருத்துவப் பள்ளியும் அங்கேதான் இயங்கியது. உடம்பில் ஒரு காயம்கூட இல்லாமல், நடுங்கிக்கொண்டும் பேச்சிழந்தும் வந்த வீரர்களைத் தினமும் பார்த்தார். அமெரிக்க, பிரிட்டிஷ் மனநல மருத்துவத்தின் முக்கியமான ஆட்கள் பலர் அங்கே வந்து போனார்கள். போர் முடிந்த பிறகு அமெரிக்க மனநலத் துறையை எப்படி மாற்றுவது என்ற பேச்சு நடந்தபோது, மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள், பெப்லாவும் இருந்தார்.

அந்தப் பேச்சின் விளைவுகளில் ஒன்று 1946-ன் தேசிய மனநலச் சட்டம். மனநலத் துறையில் ஆட்களைப் பயிற்றுவிக்க மத்திய அரசு பணம் ஒதுக்கியது. மனநல மருத்துவம், உளவியல், சமூகப் பணி ஆகியவற்றோடு மனநலச் செவிலியமும் நான்காவது துறையாக அதில் இடம்பிடித்தது. பதிவு பெற்ற நர்ஸ்கள் மேற்படிப்பு படிக்க உதவித்தொகை கிடைக்கத் தொடங்கியது. சரி, பணம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் படிப்பில் என்ன சொல்லிக்கொடுப்பது? அதுதான் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

இதற்கிடையே அவர் சொந்த வாழ்க்கையிலும் பெரிய மாற்றம். 1945-ல் மகள் பிறந்தார். பெப்லாவ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்யாணமாகாத தாய் என்பது அன்றைய அமெரிக்காவில் ஒரு பெண்ணின் வேலையையே காலி செய்துவிடக்கூடிய விஷயம். அவர் மகளைத் தனியாளாக வளர்த்தார், வேலையையும் படிப்பையும் விடவில்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் 1947-ல் முதுநிலைப் பட்டமும், 1953-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். வில்லியம் அலன்சன் வைட் நிறுவனத்தில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சியும் முடித்தார். அந்த மகள் பின்னாளில் லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சமூக உளவியல் பேராசிரியர் ஆனார்.

நான்கு வருடம் காத்திருந்த புத்தகம்

1948-ல் பெப்லாவ் ஒரு புத்தகத்தை எழுதி முடித்தார். நர்ஸிங்கில் மனித உறவுகள் என்பதுதான் பொருள். கையெழுத்துப் பிரதி தயார், ஆனால் அச்சுக்குப் போகவில்லை. காரணம், ஒரு நர்ஸ் மட்டும் தனியாக இப்படியொரு புத்தகம் எழுதுவதா என்ற தயக்கம். கூட ஒரு டாக்டரின் பெயர் இருந்தால்தான் எடுபடும் என்பது அன்றைய நினைப்பு. எழுதாத ஒருவரின் பெயரைச் சேர்க்காமல் அவர் காத்திருந்தார். நான்கு வருடம் கழித்து, 1952-ல் அவர் பெயரில் மட்டுமே புத்தகம் வெளிவந்தது.

அந்தப் புத்தகம் என்ன சொன்னது? நர்ஸிங் என்பது நோயாளிக்குச் செய்யும் ஒரு வேலை மட்டும் இல்லை, நோயாளியோடு சேர்ந்து நடக்கும் ஓர் உறவு. அந்த உறவுக்குத் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உண்டு. அவர் அதை நான்கு கட்டமாகப் பிரித்தார்.

முதல் கட்டம் அறிமுகம். நர்ஸும் நோயாளியும் முன்பின் தெரியாதவர்கள். என்ன பிரச்சினை, என்ன உதவி தேவை என்பதை இருவரும் சேர்ந்து தெளிவாக்குகிறார்கள். இரண்டாவது, இவரால் தனக்கு உதவ முடியும் என்று நோயாளி அடையாளம் கண்டு நம்பத் தொடங்குவது. மூன்றாவது, கிடைக்கும் உதவியை நோயாளி முழுசாகப் பயன்படுத்திக்கொள்வது. நான்காவது நிறைவு. சார்ந்திருந்தது குறைந்து, அவர் தன் காலில் நிற்கிறார், உறவு முறையாக முடிகிறது.

இந்தப் பயணத்தில் நர்ஸுக்கு ஒரே வேடம் இல்லை. முதலில் அந்நியர், அப்புறம் தகவல் சொல்பவர், கற்றுக்கொடுப்பவர், வழிநடத்துபவர், ஆலோசகர். சில நேரம் நோயாளி நர்ஸைத் தன் அம்மாவாகவோ அக்காவாகவோ பார்க்கலாம். அம்மா மேல் இருக்கும் கோபம் நர்ஸ் மேல் பாயலாம். பயிற்சி இல்லாத நர்ஸ் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கோபப்படுவார். பயிற்சி பெற்றவர், இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று நோயாளியே பார்க்க உதவுவார். அந்தச் சின்ன வித்தியாசத்துக்குத்தான் தனிப் படிப்பு.

ரட்கர்ஸில் என்ன புதுசு?

1950-களின் தொடக்கத்தில் டீச்சர்ஸ் காலேஜிலேயே மனநலச் செவிலியத்தில் மேற்படிப்பு மாணவிகளுக்கு வகுப்பு எடுத்த பெப்லாவ், 1954-ல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 20 வருடம் அங்கேதான். மனநலத்தில் நேரடியாக நோயாளிகளைப் பார்க்கும் சிறப்பு நர்ஸ்களை உருவாக்குவதற்கென்றே அமெரிக்காவில் வந்த முதல் முதுநிலைப் படிப்பை அங்கே தொடங்கினார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அதுவரை ஒரு நர்ஸ் முதுநிலை படித்தால் இரண்டு வழிதான். ஒன்று கல்லூரியில் டீச்சர், இல்லையென்றால் மருத்துவமனையில் நிர்வாகி. அதாவது, படிக்கப் படிக்க நோயாளியை விட்டு விலகிப் போக வேண்டியதுதான். பெப்லாவின் படிப்பு இதைத் தலைகீழாக்கியது. அதிகம் படித்த நர்ஸ், நோயாளிக்கு அதிகம் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்ற துறைகளில் இன்று கேள்விப்படும் சிறப்பு நர்ஸ் என்ற பதவிக்கும் இந்தப் படிப்பு ஒரு முன்னோடி.

தேதியையும் கவனிக்க வேண்டும். 1955-ல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர். அதுதான் உச்சம். குளோர்புரோமசைன் என்ற புது மருந்தும் 1954-ல்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. பல வருடம் அடைபட்டுக் கிடந்தவர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் மெல்ல வெளியே வரத் தொடங்கினார்கள். மருந்து சத்தத்தை அடக்கலாம். ஆனால் வெளியே போய் மனிதர்களோடு வாழக் கற்றுக்கொடுப்பது யார்? பேசத் தெரிந்த நர்ஸின் தேவை அப்போது இன்னும் கூடியது.

வகுப்பில் என்ன நடந்தது?

பெப்லாவின் பயிற்சியில் முக்கியமான கருவி, நோட்டும் பேனாவும். மாணவி ஒரு நோயாளியோடு குறிப்பிட்ட நேரம் பேசுவார். பேசியதை, நோயாளி சொன்னது, தான் சொன்னது என்று வார்த்தைக்கு வார்த்தை எழுதுவார். அப்போது தன் மனதில் என்ன ஓடியது என்பதும் அலசலுக்கு வரும். பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பார்கள். நோயாளி முக்கியமான ஒன்றைச் சொல்ல வந்தபோது மாணவி பேச்சை மாற்றினாரா? ஏன் மாற்றினார்? அவருக்கே அந்த விஷயம் பயமா? இன்றும் நர்ஸிங் மாணவர்கள் அலுத்துக்கொண்டே எழுதும் அந்த உரையாடல் பதிவு, இப்படித்தான் மனநலச் செவிலியப் பயிற்சியில் ஆழமாக வேரூன்றியது.

மொழி விஷயத்தில் பெப்லாவ் ரொம்பவே உஷார். நோயாளி அவங்க அப்படிச் சொன்னாங்க என்று பொதுவாகச் சொன்னால், தலையாட்டிவிட்டுப் போகக் கூடாது. அவங்க என்றால் யார் என்று நிதானமாகக் கேட்க வேண்டும். ஏனென்றால், யார், எப்போது, எங்கே என்று சொல்லத் தொடங்கும்போதுதான் குழப்பமான ஓர் அனுபவம் தெளிவான ஒரு நிகழ்ச்சியாக மாறுகிறது. பார்த்ததை விவரிப்பது, அதை அலசுவது, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது, அது சரியா என்று சோதிப்பது, கடைசியில் அதை வாழ்க்கையில் பயன்படுத்துவது. கற்றல் இப்படிப் படிப்படியாகத்தான் நடக்கும் என்றார்.

இன்னொரு பெரிய பாடம் பதற்றம். அதை அவர் நான்கு அளவாகப் பிரித்தார். லேசான பதற்றம் நல்லது, அது கவனத்தைக் கூர்மையாக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் வருவது மாதிரி. மிதமான பதற்றத்தில் பார்வை குறுகும், எதிரில் உள்ளது மட்டும்தான் தெரியும். கடுமையான பதற்றத்தில் துண்டு துண்டான விஷயங்களே மனதில் ஏறும், அவற்றைக் கோர்க்க முடியாது. கடைசி அளவு பீதி. அதில் எதையும் கற்றுக்கொள்ளவே முடியாது.

இதனால் நடைமுறையில் என்ன பயன்? பீதியில் இருப்பவருக்கு நீண்ட அறிவுரை சொல்வது வீண். அவரோடு கூட இருந்து, சின்னச் சின்ன வாக்கியத்தில் பேச வேண்டும். பதற்றம் குறைந்த பிறகுதான், இப்போது உங்களுக்குப் பதற்றமாக இருக்கிறதா என்று கேட்டு, அது வருவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்பதோடு இணைத்துப் பார்க்கச் சொல்ல முடியும். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பதற்றம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். நர்ஸ் பதறினால் நோயாளி இன்னும் பதறுவார். ஆகவே நர்ஸ் முதலில் படிக்க வேண்டியது தன்னைத்தான்.

நோயாளியோடு நட்பாகப் பழகினால் போதும் என்பதையும் அவர் ஏற்கவில்லை. நண்பர்கள் இருவரும் தங்கள் கதையைச் சொல்வார்கள். நர்ஸின் உறவில் பேசுபொருள் நோயாளியின் தேவை மட்டுமே. நர்ஸ் தன் வீட்டுக் கதையைச் சொல்லி ஆறுதல் தேட அங்கே இடமில்லை.

எதிர்ப்பு வரவில்லையா?

வந்தது, இரண்டு பக்கத்திலிருந்தும். நர்ஸ்கள் பேச்சு சிகிச்சையில் இறங்குவது தங்கள் எல்லைக்குள் நுழைவது என்று டாக்டர்கள் சிலர் நினைத்தார்கள். நர்ஸ்களிலேயே பலருக்குத் தயக்கம். மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவதெல்லாம் வேலையா, வார்டில் கிடக்கும் மற்ற வேலையை யார் பார்ப்பது என்பது அவர்கள் கேள்வி.

பெப்லாவ் கட்டுரையிலேயே பதில் சொன்னார். 1962-ல் அமெரிக்க நர்ஸிங் இதழ் ஒன்றில் எழுதியபோது, மனநல நர்ஸின் மற்ற எல்லா வேலைகளையும் விட ஆலோசகர் வேலைதான் மையம் என்று வாதிட்டார். அதோடு கோடைக்காலம்தோறும் மாநிலம் மாநிலமாகப் போனார். அரசு மனநல மருத்துவமனைகளிலேயே பயிற்சிப் பட்டறை நடத்தினார். பல்கலைக்கழகத்துக்கு வர முடியாத சாதாரண வார்டு நர்ஸ்களுக்கு நேர்காணல் முறையும், தனிநபர், குழு, குடும்பச் சிகிச்சையின் அடிப்படைகளும் அங்கே கிடைத்தன. 1950-களிலும் 60-களிலும் இந்தப் பயணம் தொடர்ந்தது.

அவர் முறைக்குக் குறைகளும் உண்டு. அது பேசக்கூடிய, பேச விரும்பும் நோயாளியை மனதில் வைத்தது. சுயநினைவு இல்லாதவருக்கு, முற்றிலும் ஒதுங்கிவிட்டவருக்கு அப்படியே பொருந்தாது. நேரமும் நிறைய வேண்டும். ஒரு நர்ஸுக்கு ஐம்பது நோயாளி இருக்கும் வார்டிலோ, நான்கு நாளில் டிஸ்சார்ஜ் ஆகும் இடத்திலோ நான்கு கட்டத்தையும் கடப்பது கஷ்டம். இந்த விமர்சனத்தை அவர் கோட்பாட்டைப் பாராட்டும் பாடநூல்களே எழுதுகின்றன.

சங்கத்தின் தலைமை, ஐரோப்பா, ஓய்வு

1969-ல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கத்தின் செயல் இயக்குநர் பொறுப்புக்கு வந்தார். அடுத்து 1970 முதல் 1972 வரை அதன் தலைவர். இந்த இரண்டு பதவியிலும் இருந்த ஒரே ஆள் அவர்தான். சிறப்பு நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள முறையான படிப்பும், தகுதிச் சான்றும், தரக் கட்டுப்பாடும் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் பட்டமாக அது இருக்கக் கூடாது என்றார். நர்ஸிங் என்றால் என்ன என்று வரையறுத்து 1980-ல் அந்தச் சங்கம் வெளியிட்ட கொள்கை அறிக்கையை உருவாக்கிய குழுவிலும் இருந்தார்.

உலக சுகாதார நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார். ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஐரோப்பா என்று பாடம் எடுக்கப் போனார். 1974-ல் ரட்கர்ஸில் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராகப் போய், நர்ஸிங்கில் மேற்படிப்பு தொடங்க உதவினார்.

1997-ல் சர்வதேச நர்ஸ்கள் கவுன்சில் தன் மிக உயரிய கௌரவமான கிறிஸ்டியான் ரைமன் பரிசை அவருக்குக் கொடுத்தது. 1999 மார்ச் 17 அன்று கலிஃபோர்னியாவில் தன் வீட்டில் 89 வயதில் காலமானார். அவருடைய கடிதங்கள், குறிப்புகள், உரைகள் எல்லாம் ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இந்தியாவில் இந்தப் படிப்பு எப்படி?

பெப்லாவ் ரட்கர்ஸுக்குப் போன அதே 1954-ல்தான் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. இன்றைய நிம்ஹான்ஸ் அதிலிருந்து வளர்ந்ததுதான். பதிவு பெற்ற நர்ஸ்களுக்கான மனநலச் செவிலியப் பட்டயப் படிப்பு 1950-களிலேயே அங்கே வந்துவிட்டது.

இப்போது பி.எஸ்சி. நர்ஸிங்கில் மனநலச் செவிலியம் எல்லாரும் படிக்கும் பாடம். பெப்லாவின் கோட்பாடும் அதில் வரும். பதிவு பெற்ற நர்ஸ் மேலே போக விரும்பினால் ஒரு வருட மனநலச் செவிலியப் பட்டயம் இருக்கிறது. இரண்டு வருட எம்.எஸ்சி. நர்ஸிங்கில் மனநலத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம்.

ஆனால், ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நர்ஸ் என்றால் யார் என்று வரையறுக்கிறது. மனநலச் செவிலியத்தில் பட்டயமோ பட்டமோ பெற்றவர் அதில் வருகிறார். பொது நர்ஸிங்கில் பட்டயமோ பட்டமோ பெற்றுப் பதிவு செய்தவரும் அதே வரையறைக்குள் வருகிறார். நர்ஸ்கள் குறைவாக உள்ள நாட்டில் இதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. தனிப் படிப்பு படித்தவர்களை மட்டும்தான் வைக்கணும் என்றால் பல வார்டுகளை நடத்தவே முடியாது.

அதே நேரம், அந்த வரையறைக்குள் வரும் இரண்டு பேரும் ஒரே வார்டில் நிற்கும்போது, கோபத்தில் கத்தும் நோயாளி முன்னால் அவர்கள் செய்வது ஒன்றாக இருக்காது. ஒருவருக்கு ஊசி எங்கே இருக்கிறது என்று தெரியும். இன்னொருவருக்கு அதோடு, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவும் தெரியும். அந்த நாற்காலியில் உட்காரத்தான் பெப்லாவ் நாற்பது வருடம் நர்ஸ்களுக்குப் பாடம் எடுத்தார்.